சிங்கப்பூருக்கு நம்ம ஊர்ச் சரக்கு: அல்வாவா, அப்பளமா, கருப்பட்டியா?

கல்லிடை மருமகன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் சுரண்டை, வாழ்க்கைப்பட்டது கல்லிடைக்குறிச்சி. ஆமாம், நான்தான் வாழ்க்கைப்பட்டேன். வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் முப்பது வருடமாக அப்பளம் போடுகிறார், ஒன்பது பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். கணக்கு, பேக்கிங், கடை கடையாக அலைவது எல்லாம் என் பொறுப்பு.

சித்தி மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு மளிகைக்காரரிடம் பேசி ஒரு பட்டியலும் வாங்கி அனுப்பிவிட்டான்: திருநெல்வேலி அல்வா, உடன்குடி கருப்பட்டி, கல்லிடை அப்பளம், நன்னாரி சர்பத். நாலையும் சேர்த்து அனுப்பினால் எடுத்துக்கொள்வாராம். அல்வாதான் முதலில் வேண்டும், அதுவும் தீபாவளிக்கு முன்னால் என்கிறாராம்.

என்னிடம் ஏற்றுமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண்கூட இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தைத் திருச்செந்தூர் போகிற வழியில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இது நடக்கிற காரியமா? நாலில் எதைத் தொடுவது? சித்தி மகன் தினமும் போன் போட்டு "என்னாச்சு, என்னாச்சு" என்கிறான். விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

அல்வாக்கடைப் பேரன் எழுதியது:

தம்பி, முதலில் அல்வாவைப் பட்டியலிலிருந்து அடியுங்கள். அல்வாக் கடை வீட்டில் பிறந்தவன் சொல்கிறேன்.

கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அதைத் தெளியவைத்து, மேலே நிற்கிற தண்ணீரை வடித்து, சீனிப் பாகோடு சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி, ஊற்றிய நெய்யைச் சட்டி திரும்பக் கக்குகிற வரை நின்றால்தான் அல்வா. அந்த நெய்தான் அதன் ருசி, அதன் எமனும் அந்த நெய்தான். சாதாரணப் பேக்கிங்கில் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து பன்னிரண்டு நாள். அதற்குப் பிறகு அல்வா கெட்டுப்போகாது, ஆனால் இறுகிவிடும், லேசாகக் காறல் அடிக்கும். ஊர்க்காரன் ஒரு வாய் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவான். சிங்கப்பூரில் வாங்கப்போவதே ஊர்க்காரன்தான்.

கப்பலில் போனால் நாள் கணக்குப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து துறைமுகக் குடோன், அங்கே காத்திருப்பு, கொழும்பில் கப்பல் மாற்றம், அங்கே இறக்கி அனுமதி வாங்கி, அவருடைய குடோன். அலமாரியில் ஏறும்போதே மூன்று வாரம் போயிருக்கும். விமானத்தில் அனுப்பினால் அல்வா விலையைவிட வாடகை அதிகம்.

நாங்கள் ஒருமுறை முயற்சி செய்தோம். சூடு ஆறுவதற்கு முன்னால் டப்பாவில் அடைத்து சீல் வைத்துவிட்டார்கள் வேலைக்காரப் பையன்கள். மூடிக்கு அடியில் ஆவி முத்து முத்தாக நின்றது. பன்னிரண்டாம் நாள் திறந்தால் மேலே வெள்ளைப் பூசணம். நாற்பது கிலோவை ஆற்றங்கரையில் குழி தோண்டிப் புதைத்தோம். தாமிரபரணித் தண்ணீரில் பிறந்தது, தாமிரபரணிக் கரைக்கே போய்விட்டது.

தேக்கா வாசி எழுதியது:

அண்ணன் சொன்னது சரி. நான் இங்கே இறக்குமதிக் குடோனில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். தாத்தா கடையநல்லூரிலிருந்து கப்பலேறித் தஞ்சோங் பகாரில் குடியேறியவர். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். அதனால் உங்கள் சரக்கு இங்கே புதிதாக வந்து இறங்குகிற ஒன்று இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி முதலில். சிங்கப்பூர் சாப்பிடுகிற சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. மது, புகையிலை, வண்டி, பெட்ரோலியம் இந்த நாலைத் தவிர வேறெதற்கும் சுங்க வரி கிடையாது. ஜி.எஸ்.டி. மட்டும் உண்டு, 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். சரக்கு விலை, காப்பீடு, கப்பல் வாடகை மூன்றையும் கூட்டி அதன்மேல் போடுவார்கள். ஆயிரம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்றால் தொண்ணூறு வெள்ளி. அதைக் கட்டுவது இறக்குமதி செய்கிறவர்.

இப்போது முக்கியமானது. அந்த மளிகைக்காரர் எஸ்.எஃப்.ஏ.விடம், அதாவது இங்குள்ள உணவு அமைப்பிடம், பதப்படுத்திய உணவு இறக்குமதிக்குப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாக அனுமதியும் வாங்க வேண்டும். பல சில்லறைக் கடைக்காரர்களுக்கு இது இருக்காது, வேறு இறக்குமதியாளர் பெயரில் எடுப்பார்கள். அப்படியானால் உங்கள் லேபிளில் வர வேண்டிய பெயர் அந்த இறக்குமதியாளருடையது. கடைக்காரர் பெயரைப் போட்டுவிட்டு இங்கே குடோனில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம், மூவாயிரம் பாக்கெட்டுக்கு. அந்தக் கூலி அனுப்பியவர் கணக்கில்தான் போனது.

லேபிள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பொருட்கள் எடை அதிகமானது முதலில் வரும்படி வரிசை, நிகர எடை, எந்த நாட்டுத் தயாரிப்பு, ஒவ்வாமை தரும் பொருள். அப்பளத்தில் என்ன ஒவ்வாமை, உளுந்துதானே என்று நினைப்பீர்கள். பெருங்காயம் போடுகிறீர்களா? கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும். மைதா என்றால் கோதுமை, அதைக் கட்டாயம் லேபிளில் சொல்ல வேண்டும். இதில் மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்பத் பற்றி: இங்கே 2022 டிசம்பர் 30 முதல் நியூட்ரி கிரேடு என்று பானங்களுக்குத் தர எழுத்து போடுகிற ஒரு முறை இருக்கிறது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சி', 10 கிராமுக்கு மேல் இருந்தால் 'டி'. இந்த இரண்டு எழுத்தையும் பாட்டிலின் முன்பக்கத்தில் போட்டே ஆக வேண்டும். 'டி' வாங்கிய பானத்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது. சர்பத் கெட்டியாக இருப்பதால், நீங்கள் லேபிளில் சொல்லுகிறபடி தண்ணீர் கலந்த பிறகு எவ்வளவு இனிப்பு என்றுதான் கணக்கு. உதாரணத்துக்கு 100 மில்லி சர்பத்தில் 60 கிராம் சீனி என்றால், ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலக்கச் சொன்னால் 12 கிராம், 'டி'. ஐந்து பங்கு என்றால் சரியாக 10 கிராம், 'சி'. ஒரு டம்ளர் தண்ணீரில் எழுத்து மாறிவிடுகிறது.

அல்வாவுக்கு இன்னொன்று. பாதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் இங்கே 2021 ஜூன் முதல் தடை. நெய்யோடு வனஸ்பதி கலக்கிற இடத்திலிருந்து வாங்கி அனுப்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பேட்டை பாண்டி எழுதியது:

இவ்வளவு சட்டம் பேசுகிறீர்கள், வாரா வாரம் குருவிகள், அதான் கூலிக்குச் சரக்குத் தூக்கிப் பறக்கிறவர்கள், சூட்கேஸில் அல்வாவும் அப்பளமும் கொண்டுபோய்த் தேக்காவில் இறக்குகிறார்களே, அது மட்டும் எப்படி? திருச்சி விமான நிலையத்தில் நின்று பாருங்கள்.

தேக்கா வாசி எழுதியது:

பாண்டி அண்ணே, சொந்தச் செலவுக்குக் கொண்டுவருவது வேறு, கடையில் வைத்து விற்பது வேறு. ஒருநாள் மாட்டினால் கடைக்காரருக்குத்தான் அபராதம். அதனால்தான் அவர்களே இப்போது "முறையாக அனுப்பு" என்று கேட்கிறார்கள். குருவி விலையோடு போட்டி போட முடியாது என்பது உண்மைதான், ஆனால் குருவி பதினைந்து இருபது கிலோதான் தூக்கும்.

உடன்குடிப் பிள்ளை எழுதியது:

கருப்பட்டிக்கு வருவோம். பனையேறி வீட்டுப் பிள்ளை நான். மாசி பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை பதநீர். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காது. காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு விஷயம்.

ஒன்று, சீனிக் கலப்பு. சந்தையில் கிடைப்பதில் ஏகப்பட்டது சீனி போட்டது. உடைத்தால் உள்ளே மினுமினு என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல கருப்பட்டி மங்கலாக இருக்கும், நாக்கின் ஓரத்தில் லேசாகக் கரிக்கும். உடன்குடி கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதனால் "உடன்குடி" என்று அச்சடித்து வேறெங்கோ காய்ச்சியதை அனுப்ப முடியாது. அந்தக் குறியீட்டை லேபிளில் போட, பதிவு பெற்ற பயனாளராக இருக்க வேண்டும்.

இரண்டு, ஈரம். எங்கள் பாட்டி கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பாள். புகையும் சூடும் பட்டால்தான் மழைக்காலம் தாண்டும். நான் படித்த பிள்ளை அல்லவா, அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு ஐப்பசியில் சாதாரணப் பாலிதீனில் கட்டி முந்நூறு கிலோ அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது போட்டோ அனுப்பினார்கள். அட்டைப்பெட்டியின் நாலு மூலையிலும் கறுப்பாக ஒழுகியிருந்தது. உள்ளே கருப்பட்டி இல்லை, களி. எறும்பும் சேர்த்துத்தான் ஏற்றுமதி செய்திருக்கிறேன்.

இப்போது செய்வது: வைகாசி, ஆனியில் காய்ச்சியதை மட்டும் எடுக்கிறேன், காய்ந்த அறையில் பத்து நாள் வைக்கிறேன், ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாகக் காற்றை உறிஞ்சி சீல் வைக்கிறேன், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பை. மழை தொடங்கிவிட்டால் பேக்கிங்கே கிடையாது. ஓலைக் கொட்டானில் அனுப்பினால் அழகாக இருக்கும் என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். காய்ந்த ஓலையும் தாவரப் பொருள்தான். முன்கூட்டியே இறக்குமதியாளரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

தேக்கா வாசி எழுதியது:

இதில் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். கருப்பட்டியைத் தமிழருக்கு மட்டும் விற்க நினைக்காதீர்கள். இங்கே வசிப்பவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் இந்தியர். ஆனால் மலாய்க்காரர், சீனர் எல்லார் சமையலறையிலும் குலா மலாக்கா இருக்கிறது. தென்னம்பாளைப் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டி, மூங்கில் குழாய் வடிவத்தில் உருளையாக இருக்கும். செண்டோல் என்கிற இங்கத்து இனிப்பில் ஊற்றுவது அதைத்தான். பனங்கருப்பட்டி என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதன் அண்ணன் என்று சொன்னால் போதும். ஊர் ஞாபகத்துக்காக வாங்குகிறவர் வருடத்துக்கு இரண்டு கிலோ வாங்குவார். பலகாரக் கடைக்காரர் மாதம் ஐம்பது கிலோ வாங்குவார்.

தூத்துக்குடி சரக்கு எழுதியது:

சி.எச்.ஏ. ஆபீசில், அதாவது சுங்க வேலையை முடித்துக்கொடுக்கிற ஏஜென்ட் ஆபீசில், இருபது வருடம் ஓட்டியவன். பயப்படாதீர்கள் மருமகனே, காகித வேலைதான் இதில் எளிது. ஐ.இ.சி. ஆன்லைனில் 500 ரூபாய். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்து உறுதிசெய்ய மறந்தால் முடங்கிவிடும், பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள். உணவு ஏற்றுமதியைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான அபீடாவில் பதிவு. உணவுப் பாதுகாப்பில் சிறு பதிவு மட்டும் வைத்திருந்தால் அது போதாது, ஏற்றுமதிக்கு உரிய உரிமம் எடுங்கள். வெளிநாட்டுப் பணம் வருகிற வங்கியிடம் அதன் ஏ.டி. கோடு எண்ணை வாங்கி, சரக்கு ஏற்றுகிற துறைமுகத்தின் சுங்கத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்கிற உறுதிமொழிக் கடிதம், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிது. அவ்வளவுதான். அப்பளத்துக்குச் சுங்க வகைப்பாட்டில் 1905 90 40 என்ற எண், சுங்கத்துக்குக் கொடுக்கிற ஷிப்பிங் பில்லில் அதைச் சரியாகப் போடச் சொல்லுங்கள்.

கஷ்டம் வாடகைக் கணக்கில் இருக்கிறது. முழுக் கண்டெய்னர் உங்களுக்கு வேண்டாம், எல்.சி.எல்.லில் போங்கள், பலர் சரக்கோடு உங்களுடையதும் போகும். அதில் ஒரு கியூபிக் மீட்டர் அல்லது ஒரு டன், எது பெரிதோ அதற்கு வாடகை. உங்கள் அட்டைப்பெட்டி என்ன அளவு, எத்தனை கிலோ பிடிக்கும் என்று சொல்லுங்கள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மரப் பேலட் வைத்தால் வெப்பமூட்டி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும், மரத்தின் உள்ளே 56 டிகிரி சூடு 30 நிமிடம். முத்திரை இல்லாத பழைய பேலட்டைக் கட்டி அனுப்பி அங்கே நிறுத்திவைத்த கதை என்னிடம் நாலு இருக்கிறது. கண்டெய்னருக்குள் வேர்க்கும், அதையும் மறக்காதீர்கள். பகல் வெயிலில் காய்ந்து ராத்திரி குளிரும்போது கூரையிலிருந்து சொட்டும். மேல் வரிசைப் பெட்டிகளின் தலையில் கிராஃப்ட் தாள் போர்த்துங்கள்.

அப்புறம் ஒரு சொந்தப் பெருமை. திருநெல்வேலி என்ற பெயர் வெளிநாட்டு மருந்துக் கடைகளில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. டின்னவெல்லி சென்னா, நம் நிலாவாரை இலை, வயிறு இளகுவதற்கு. அல்வா நாம் சாப்பிடுவது, சென்னா உலகத்துக்குக் கொடுப்பது.

கல்லிடை மருமகன் எழுதியது:

அண்ணாச்சி, சிரித்துச் சிரித்து மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

இன்று டேப்பை எடுத்து அளந்தேன். எங்கள் பெட்டி 45×30×30 சென்டிமீட்டர். எட்டு கிலோ அப்பளம் பிடிக்கிறது. பெருங்காய டப்பாவையும் பார்த்தேன். தேக்கா அண்ணன் சொன்ன மாதிரியே மைதா என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. முப்பது வருடமாக யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

தூத்துக்குடி சரக்கு எழுதியது:

அப்படியானால் ஒரு கியூபிக் மீட்டருக்கு 24 பெட்டி. 192 கிலோ அப்பளம். அதே 24 பெட்டியில் கருப்பட்டி வைத்தால் பெட்டிக்கு 25 கிலோ வீதம் 600 கிலோ. வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான். நீங்கள் அப்பளம் அனுப்பவில்லை, காற்றை அனுப்புகிறீர்கள். பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள், அப்பளத்தின் வாடகையைக் கருப்பட்டி சுமக்கும். கருப்பட்டி கீழே, அப்பளம் மேலே. தலைகீழாக அடுக்கினால் அங்கே போய் அப்பளத் தூள்தான் விற்க வேண்டும்.

பாளை அக்கா எழுதியது:

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எல்லாரும் சரக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், பணம் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லையே. அந்த மளிகைக்காரர் என்ன சொல்கிறார், தம்பி?

கல்லிடை மருமகன் எழுதியது:

அறுபது நாள் கடன் கேட்கிறார் அக்கா. சித்தி மகன் "நம்பிக்கையான ஆள்" என்கிறான்.

பாளை அக்கா எழுதியது:

நம்பிக்கையான ஆள் என்றால் பாதிப் பணம் முன்னால் தரட்டும். மீதி, கப்பல்காரர் கொடுக்கிற சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் நகலைப் பார்த்ததும் தரட்டும். மூலப் பிரதி உங்கள் கையில் இருக்கிற வரை சரக்கு உங்களுடையது. அதை கூரியரில் முதலிலேயே அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்தவர்களை என் கவுன்டரில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரோ அல்வா கொடுத்துவிட்டார்கள், நம்ம ஊர் அல்வா இல்லை.

சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் யு.இ.என். என்று ஒரு எண் உண்டு. நிறுவனங்களைப் பதிவுசெய்கிற அரசு அமைப்பான அக்ராவின் தளத்தில் தேடினால் நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அதைக் கேளுங்கள். எண் கொடுக்கத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நாலைந்து லோடு ஒழுங்காகப் போன பிறகு கடன் கொடுக்கலாம், அப்போது, பணம் வராமல் போனால் ஈடுகட்டுகிற இ.சி.ஜி.சி. காப்பீடு எடுத்துக்கொண்டு கொடுங்கள். சொந்தக்காரர் நடுவில் இருந்தால் பணத்தோடு உறவும் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பேட்டை பாண்டி எழுதியது:

அக்கா சொல்வதைக் கேள் மருமகனே. ஆனால் அந்த மளிகைக்காரர் அல்வா இல்லாமல் மற்றதை எடுப்பாரா?

கல்லிடை மருமகன் எழுதியது:

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

யு.இ.என். கேட்டதும் மளிகைக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் கொடுத்தார், சரியாகத்தான் இருந்தது. இறக்குமதிப் பதிவு அவரிடம் இல்லை, வேறொருவர் பெயரில் எடுத்தார். லேபிளில் அந்த இறக்குமதியாளர் பெயரையே போட்டோம். பாதிப் பணம் முன்னால் வந்தது. அல்வா, சர்பத் இரண்டையும் விட்டாயிற்று. 12 பெட்டி கருப்பட்டி, 12 பெட்டி அப்பளம், ஆனியில் கிளம்பியது. கருப்பட்டி உடன்குடி அண்ணன் வீட்டிலிருந்து, அவருடைய பேக்கிங்கிலேயே.

கருப்பட்டி ஒரு வட்டுகூட வேர்க்கவில்லை. அப்பளத்தில் சிக்கல். பெட்டியின் ஓரத்தில் இருந்த பாக்கெட்டுகளில் விளிம்பு உடைந்திருக்கிறது. கடைக்காரர் எண்ணிப் போட்டோ போட்டிருக்கிறார், நூற்றுக்கு ஏழு. பெரிய சைஸைக் குறைத்து, உள்ளங்கை அளவில் போடலாமா என்று கேட்கிறார். மாமியார் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "அது அப்பளமா, வத்தலா?" என்கிறார். பெருங்காயத்தை நிறுத்திவிட்டுப் பிரண்டை மட்டும் அரைத்து ஒரு ஈடு போட்டிருக்கிறார், அது போன வாரம் மொட்டை மாடியில் காய்ந்தது. லேபிளில் கோதுமை வரி இனி வேண்டாம்.

மீதிப் பணம் சொன்ன நாளில் வந்தது. வாடகை, ஏஜென்ட் கூலி, லேபிள் எல்லாம் போக முதல் லோடில் கையில் நின்றது மிகவும் கொஞ்சம். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் இரண்டாவது ஆர்டரில் கருப்பட்டி மட்டும் 20 பெட்டி கேட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு செண்டோல் கடைக்காரர் ருசி பார்த்துவிட்டு வாங்கிப்போனாராம்.

உடன்குடி அண்ணாச்சி, ஐப்பசி நெருங்குகிறது. 500 கிலோ உங்களிடம் ஆனியில் காய்ச்சியது மீதி இருக்கிறதா? இல்லை என்றால் கடைக்காரரிடம் அடுத்த வைகாசி வரை பொறுக்கச் சொல்லிவிடுகிறேன்.

பாண்டி அண்ணனுக்கு: அல்வா போனது. சித்தி மகன் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கிலோ, கடைக்காரர் வீட்டுக்கு. விற்க இல்லை.